வெள்ளெலிகளின் குளிர்காலம்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவை மிரட்டாமல் மருந்தைச் சாப்பிடுங்கள். நான் நலம். இங்கே ஆய்வகத்தில் நான் பார்த்துக்கொள்ளும் நாற்பது வெள்ளெலிகளும் (ஹாம்ஸ்டர் என்பார்கள்) நலம். கொஞ்சம் அதிகமாகவே நலம், அதுதான் வில்லங்கம்.

பகல் குறைந்தால் குளிர்காலம் வந்துவிட்டதென்று இவற்றின் விரைகள் சுருங்கி, விந்தணு உற்பத்திக்கு லீவு விட்டுவிடும். (அம்மாவுக்குப் படிக்கும்போது இந்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) ஆய்வு செய்யும் அக்கா அதற்காக விளக்கு நாலு மணிக்கே அணையும்படி டைமர் வைத்திருந்தார். பத்து வாரம் கழித்து அளந்தால் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. எல்லாம் புதுமாப்பிள்ளை மாதிரி மினுக்கின!

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. டைமர் சரியில்லையென்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திட்ட ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவரை விடுங்கக்கா. நான்தான் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து லைட்டைப் போட்டேன்."

"எதுக்குடா?"

"சும்மா, பேச."

"எலிகிட்டயா?"

"நீங்க விந்தணுவைத் தவிர வேற எதையும் பேச மாட்டீங்களேக்கா."

வேலை போச்சு என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். மறுநாள் போனால், அக்கா பத்து வாரத்தை முதலிலிருந்து தொடங்கியிருந்தார். எலி அறைக்கு வெளியே இரண்டு நாற்காலிகள் கிடந்தன.

"ஆறு மணிக்கு இங்க வா. லைட்டுல கை வைக்காம என்கிட்ட பேசு."

என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சண்டையையும் விடாமல் எழுதுங்கள், பேச விஷயம் வேண்டும்.

மணி ஆறாகப் போகிறது. அக்கா காத்திருப்பார், ஓடுகிறேன்.

உங்கள்
வாலு