கிளட்சிலிருந்து காற்றை விரட்டியது

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் சுகம், அப்பாவும் சுகம், எங்கள் இரண்டு பேரையும்விட நம் கார் ரொம்ப சுகம். உனக்குச் சளி விட்டதா, ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறாயா? இதற்கெல்லாம் பதில் எழுது, ஆனால் முதலில் நான் சொல்வதைக் கேள், என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. காரை உன் அம்மா சரிபண்ணிவிட்டாள்!

போன வாரம் கிளட்சை மிதித்தால் மிதி தரையோடு படுத்துக்கொண்டது, கியரே விழவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பழைய இரும்புக் கடைக்காரரை வரச்சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! தைத்த திரைச்சீலைகளையும் ஏணியையும் தலையில் சுமந்துகொண்டா நான் வீடு வீடாகப் போய் மாட்டுவது? கார் போனால் என் தொழிலும் போச்சு. கடைக்காரர் வருவதற்குள் நானே சரிபண்ணிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கிடம் விவரம் கேட்டு வந்தேன். கிளட்ச் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் ஒழுகியிருக்கிறதாம். அதை மாற்றுவது பெரிய வேலையில்லை, மாற்றும்போது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் அடியில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும், அதற்கப்புறம்தான் காலை எடுக்கலாம்.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, நாம் சொல்லி முடிப்பதற்குள் சரி சரி என்பார். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு நான் பிடிங்க என்றால், சரி என்று காலை எடுத்துவிடுகிறார். திருகு திறந்து கிடக்கிறது, போன காற்று திரும்பவும் உள்ளே! திருகு வழியாக வரும் எண்ணெயைப் பிடிக்க வைத்திருந்த பாட்டிலில் குமிழி குறைந்தபாடில்லை. முழங்கை வரை எண்ணெய். கடைசியில் கத்தியே விட்டேன், இனிமே சரின்னு சொன்னீங்கன்னா நடக்கிறதே வேற, அமுக்கிட்டேன்னு மட்டும் சொல்லுங்க, நான் விடுங்கன்னு சொல்ற வரைக்கும் கால் அசையக் கூடாது என்று. அப்புறம் அமுக்கிட்டேன், விடுங்க, அமுக்கிட்டேன், விடுங்க என்று தெருவே கேட்டது, பக்கத்து வீட்டு டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். குமிழி சிறுத்து, நின்று, வெறும் எண்ணெய் மட்டும் வந்தது. ஏய், மிதி காலை எதிர்த்துத் தள்ளுதுடி என்று அப்பா போட்டார் பார் ஒரு சத்தம்! எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் இழுவை வண்டியோடு வாசலில் வந்து நிற்கிறார். நான் கையைக்கூடத் துடைக்கவில்லை, ஏறி உட்கார்ந்தேன், முதல் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து அவருடைய வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், என்ன சார், குடுக்கறீங்களா இல்லையா என்று அப்பாவிடம் கேட்டார். அதற்கு அப்பா, என்னை எதுக்குக் கேக்கறீங்க, வண்டிக்கு ஓனர் அதோ உக்காந்திருக்காங்க, அவங்களைக் கேளுங்க என்றார்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் காரில் பிரேக் எண்ணெய் அளவைப் பார்த்துக்கொள், பெயிண்டில் சிந்தினால் உடனே கழுவிவிடு. கிளட்சுக்கு ஊற்றுவதும் அதே எண்ணெய்தான், நான் சிந்தியதில் நம் காரில் முன்பக்கம் பெயிண்ட் உள்ளங்கை அளவுக்கு உரிந்து கிடக்கிறது, அப்பா இன்னும் பார்க்கவில்லை, நீயும் மூச்சு விடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா