மீதி இரண்டு முடிச்சு

ஜூலை 19, 2025, சனி

அப்பாவின் துவாஸ் தொழிற்சாலை வேலைச் சட்டை இன்னும் குளியலறைக் கதவில்தான் தொங்குகிறது. அவர் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அம்மா அதைத் துவைக்கவில்லை.

சுவா சூ காங்கில் இருக்கும் இந்த அரசு அடுக்குமாடி வீடு அப்பா பெயரில் மட்டும் இருக்கிறது. அதை மாற்ற நீதிமன்ற அனுமதி வேண்டுமாம். டன்லப் தெருவில் ஒரு மாடியில் இருக்கும் வழக்கறிஞர் அப்துல் கஃபாரைப் பார்த்தோம். “உயில் இல்லேன்னா பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைக்கு. கவலைப்படாதீங்கம்மா” என்றார். திரும்பும் வழியில் அம்மா ஒரு முழு தோசை சாப்பிட்டார்.

ஜூலை 26

உயில் இருக்கிறது. அத்தையிடம்.

ஜூலை 27

எழுத முடிகிறதா, பார்க்கிறேன்.

சாமுண்டி அத்தை அப்பாவின் ஒரே அக்கா. தேக்கா சந்தைப் பக்கம் தனியாக இருக்கிறார். நேற்று வந்து உயிலை மேசையில் வைத்தார். அப்பா எல்லாவற்றையும் அத்தைக்கு எழுதியிருக்கிறார். அம்மா பெயர் இல்லை. நான் அப்போது பிறக்கவே இல்லை.

தேதியைப் பார்த்து அம்மா சிரித்தேவிட்டார். “இது கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது அண்ணி. கல்யாணம் ஆனா பழைய உயில் செல்லாது, உங்க தம்பியே சொல்லியிருக்காரு.”

“அத வக்கீல் சொல்லட்டும். இது எங்கம்மா கண்ண மூடுன வீடு, சுசீலா. தம்பி காரியத்துல என்னை எந்த மூலையில உக்கார வெச்ச, ஞாபகம் இருக்கா?”

ஆகஸ்ட் 2

சட்டம் அம்மா சொன்னதுதான். ஆனால் எது கல்யாணம்?

உயில் எழுதிய அதே வருடம், அம்மாவும் அப்பாவும் மார்ச்சில் திருமணப் பதிவு செய்துகொண்டார்கள். இங்கே பலரும் செய்வதுபோல, பதிவுக்குப் பிறகும் அம்மா தன் வீட்டிலேயே இருந்தார். செப்டம்பரில் கோயிலில் தாலி கட்டிய பிறகுதான் அப்பாவிடம் வந்தார். நடுவில், மே மாதம், அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. அப்போது எழுதிய உயில் இது. தாலி ஏறியதும் தானாக ரத்தாகிவிடும் என்று நினைத்திருக்கிறார்.

“சட்டத்துக்கு மார்ச்சுலயே கல்யாணம் முடிஞ்சிருச்சும்மா. அதுக்கப்புறம் எழுதினது செல்லும்” என்றார் வழக்கறிஞர்.

“அப்ப செப்டம்பர்ல நடந்தது என்ன சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆகஸ்ட் 6

நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். மனைவியும் பிள்ளையும் பராமரிப்புக் கேட்டு வழக்குப் போடலாம். வீடே கிடைக்கும் என்று உறுதியில்லை. அத்தைக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது; அரசு வீடு இரண்டை ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது, இதை விற்றுவிடுவார். எல்லாம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 16

ஏன்பா? ஒரு தடவ யாரையாச்சும் கேட்டிருக்கலாம்ல? கோவம் கோவமா வருது — யார்மேல காட்டுறது?

ஆகஸ்ட் 30

அத்தை அனுப்பிய, வீடு விற்றுத் தரும் முகவர் வந்தார். அறை அறையாகப் படம் எடுத்தார். என் அலமாரியைப் பார்த்து, “வாவ், இவ்ளோ புக்ஸா? மூவ் பண்றப்போ கஷ்டம் லா” என்றார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார். ஏன் கொடுத்தார்?

செப்டம்பர் 11, வியாழன்

பள்ளி விடுமுறை. அம்மா அப்பா கல்யாண நாள். வீட்டில் எப்போதும் கொண்டாடியது இந்தத் தேதியைத்தான். மார்ச் எங்களுக்கு நினைவில்கூட இருந்ததில்லை. வருடம் தவறாமல் அத்தை கேசரி கொண்டு வருவார். இன்று நானே கிண்டினேன். அம்மாவிடம் சொல்லாமல் தேக்காவுக்கு எடுத்துப் போனேன்.

அத்தை டப்பாவைத் திறந்தார். “என்னடி இது, சிமெண்டா? உங்கம்மா அனுப்புனாளா?”

“இல்ல அத்தை, நானேதான் வந்தேன். ஒண்ணு கேக்கணும். தாலியில அப்பா போட்டது ஒரு முடிச்சுதானே? மீதி ரெண்டு யாரு போட்டது?”

“நாத்தனார்தான் போடணும். நான்தான் போட்டேன்.”

“அப்ப அன்னிக்குத்தானே அத்தை கல்யாணம்?”

அத்தை என்னையே பார்த்தார். “போடி, பெரிய லாயரு.” எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வெளியே வரவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

தோற்றுவிட்டேன்.

செப்டம்பர் 20

அம்மா வாடகை அறை பார்த்துவிட்டு வந்தார். சமைக்க அனுமதி இல்லையாம். என்னிடம் சொல்லும்போது மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அக்டோபர் 4, சனி

வழக்கறிஞர் எங்களை வரச் சொன்னார். அத்தை முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்.

உயிலில் கிடைப்பது தனக்கு வேண்டாம் என்று அத்தை எழுதிக் கொடுத்தால், உயில் இல்லாததுபோலவே வீடு அம்மாவுக்கும் எனக்கும் வருமாம். “யோசிச்சிட்டீங்களா? வேற வக்கீல்ட்ட கேட்டீங்களா?” என்று அத்தையிடம் கேட்டார் அவர்.

“கேட்டாச்சு. அவனும் விட்டுக்குடுக்க வேணாம்னுதான் சொன்னான்.”

இன்னொன்று: எனக்கு இருபத்தொரு வயது ஆகவில்லை. அதனால் அம்மாவோடு இன்னொருவரும் சொத்துக்கு நிர்வாகியாக நிற்க வேண்டும். யார் என்று கேட்டார்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க தம்பி.”

முதல் தாளில் போட்டார். நிர்வாகிக்கான இரண்டாவது தாளிலும் போட்டார், அழுத்தி.

படியிறங்கும்போது அம்மாவிடம் சொன்னார்: “பிள்ளைக்குக் கேசரி கிண்டக் கத்துக்குடு, சுசீலா. ரவைய வறுக்கவே இல்ல.”