கேள்வி மட்டும் தெரிந்த கைடு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் தொப்பியை இப்போது நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். தலைக்குப் பெரிசு, கண்வரை இறங்கிவிடுகிறது. சிரிக்காதீர்கள்.

வண்டிப்பெரியாரில் நீங்கள் கைடாக இருந்த விடுதியின் மேனேஜர் போன வாரம் கூப்பிட்டார். ஸ்பெயினிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், தேயிலைத் தோட்டம் சுற்றிக் காட்ட அந்தப் பாஷை தெரிந்தவர் இல்லையாம். "சேச்சி, ஒரு வாட்டி போய் நோக்குங்க. சரியாகலேன்னா வேற ஆள நோக்காம்" என்றார். சரிவராவிட்டால் எனக்குத் திருப்பூர்தான். மகள் தங்கமான பிள்ளை, பெட்டி வைக்க இடம்கூட ஒதுக்கிவிட்டாள். ஆனால் அந்த மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்?

எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது நீங்கள். என்ன தெரியும் எனக்கு? போனில் படித்துவிட்டு, நான் தோசை சுடும்போது வந்து நிற்பீர்கள். "நீ வெள்ளக்காரி, நான் கைடு. கேளு." அவர்கள் எதற்கெடுத்தாலும் 'இ ஸி' என்றுதான் ஆரம்பிப்பார்களாம், 'அப்படி ஆனால்' என்று. 'இ ஸி யுவேவே?' மழை பெய்தால்? யானை வந்தால்? அட்டை மூக்கில் ஏறினால்? எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரே பதில், ஒன்றும் ஆகாது.

"அத யானகிட்ட சொல்லுங்க" என்பேன் நான்.

ஆக, எனக்குக் கேள்விகள்தான் மனப்பாடம். ஐந்து பேர் முன்னால் போய் நின்ற பிறகுதான் அது உறைத்தது. ஒருவர் வானத்தைப் பார்த்து, 'இ ஸி யுவேவே?' என்றார். உங்கள் பதிலைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொன்ன மனுஷனுக்குத்தானே ஆகிவிட்டது. 'இ ஸி நோ யுவேவே?' என்றேன். பெய்யாவிட்டால்? விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் வழி முழுக்க அவர்கள் ஒன்று கேட்க, நான் ஒன்று கேட்க, ஒருவருக்கும் பதில் தேவைப்படவில்லை.

அதில் ஓர் அம்மாள் முன்பே வந்தவர். போனில் ஒரு படத்தைக் காட்டினார். இதே தொப்பியோடு நீங்கள். எங்கே என்று கையை விரித்தார்.

நீங்கள் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "இத எந்த வெள்ளக்காரன் கேக்கப் போறான்?" என்று சலித்துக்கொண்டேனே. அதைத்தான் கேட்டேன். 'இ ஸி எஸ்துவியேரா அகீ?' அவர் இப்போது இங்கே இருந்திருந்தால்?

அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டார். தொப்பி கீழே விழுந்தது, நான் அழுதேன்.

மேனேஜர் நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். திருப்பூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அடுத்த சீசனுக்குள் பதில்களையும் படித்துவிடுவேன், இது சத்தியம். யானைக்கு உருப்படியாக ஒரு பதில் கட்டாயம் உண்டு.

நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் தொப்பியைக் கேட்டிருப்பீர்கள். தந்திருக்க மாட்டேன். இல்லை, தந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியும் வெள்ளைக்காரியுமான
பேச்சியம்மா