டிரைவர் சீட்டில் அண்ணன்

அண்ணி,

அண்ணனின் புது வீட்டு ஹாலில் நம் பழைய ஹெரால்டு காரின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கி, தங்க நிற ஃபிரேம் போட்டு, நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில். வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அறை அறையாகப் போனார். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். நான் மட்டும் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். டிரைவர் சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், அண்ணி. பக்கத்து சீட்டில் நீங்கள், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தை எடுத்தவளே நான்தானே!

அண்ணனுக்கு வண்டி ஓட்ட வராது. கற்றுக்கொள்ள உட்கார்ந்த முதல் நாளே உப்பளத்து வரப்பில் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கியவர், அதற்கப்புறம் ஸ்டியரிங் பக்கம் போகவில்லை. ஓட்டியதெல்லாம் நீங்கள். திண்டிவனத்து உப்பு வியாபாரிகளைப் பார்க்க அவரைக் கூட்டிப்போனது நீங்கள். அடைமழையில், வலியோடு துடித்த என்னைப் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நீங்கள். காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவதும் நீங்கள்தான். ஒருநாள் அந்த ஹேண்டில் எகிறி அடித்து, உங்கள் வலது சுண்டுவிரல் கோணலாகவே நின்றுவிட்டது.

அண்ணன் பின் சீட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு வருவார். ஊர் நெருங்கியதும் தொண்டையைச் செருமுவார். "இங்கயே நிறுத்து. நான் அப்படியே நடந்து போயிடறேன்." பெண்டாட்டி ஓட்டுகிற வண்டியில் வந்து இறங்குவதை மரக்காணத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடப்பார். அவர் தலை மறைகிறவரை நீங்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த உப்பு வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் படம் எடுத்த அன்றைக்கு நானும் வண்டியில் இருந்தேன். என் வீட்டுக்காரரின் கேமரா கையில். எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்குக் கோவமே வராதா அண்ணி?"

"எனக்கும் சேத்து நீதான் கோவப்படறியே. அப்புறம் நான் வேற எதுக்கு?" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை விட்டுவிடக் கூடாதென்று சட்டென இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். ஜன்னல் மேல் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தீர்கள். அதுதான் அந்தப் படம்.

கடல் ஊருக்குள் வந்த அன்று பழைய வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பெட்டியிலிருந்த படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதை மட்டும் அண்ணன் எப்படியோ பிரித்தெடுத்தார். வண்டி தப்பித்தது, உங்கள் கை தப்பித்தது, முகம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகப் போய்விட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் முகமும் போயிற்றே என்று அன்று நான் அழுதேன். இப்போது தோன்றுகிறது, கடல் உங்கள் முகத்தை மட்டும்தான் எடுத்தது. இடத்தையே எடுத்துக்கொண்டது அண்ணன்தான்.

மந்திரிப்பு முடிந்து பிரியாணிக்காக எல்லோரும் ஹாலில் கூடியிருந்தார்கள். "அந்தக் காலத்துல ஐயா ஓட்டுன வண்டியா?" என்று யாரோ கேட்க, அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு "ஆமா ஆமா" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ண்ணா, அந்த வண்டில ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் இருக்கும்?"

"ஏம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்? சாப்பிடு போ."

விருந்தாளிகள் போன பிறகு பிடித்துக்கொண்டேன். அழிந்த படத்தைச் சரிசெய்யப் பாண்டி ஸ்டுடியோவில் கொடுத்தபோது ஸ்டுடியோக்காரர், "ஓட்றது சார்தானே?" என்று கேட்டாராம். இவர் ஆமாம் என்றாராம்.

"வண்டி என் பேர்லதான இருந்துது? வெறும் போட்டோதானம்மா" என்றார்.

"வெறும் போட்டோவா? அந்த ஜன்னல்ல இருக்கற விரலப் பாரு. யாரோட விரல் அது?"

வளையல்களை அழித்திருந்தார்கள் அண்ணி. கோணல் சுண்டுவிரலை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் முகத்துக்குக் கீழே உங்கள் கை! அண்ணன் சட்டையை மாற்றிக்கொள்ள உள்ளே போய்விட்டார்.

மறுநாளே பஸ் ஏறிப் பாண்டிக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர்தான், மரியாதையாக உட்காரவைத்தார். அதற்காகக் கோபம் தணிந்துவிடுமா? "ஓட்டுறது பொம்பளையா இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லயா?" என்று கேட்டேன்.

"வளையல் இருந்துதும்மா. சார் ஆமான்னு சொல்லிட்டாரு, நான் என்ன பண்றது?" என்றார். வேண்டுமானால் உங்கள் முகத்தையே அந்த இடத்தில் வைத்துத் தருவதாகவும் சொன்னார். அவரிடம் இருந்தது உங்கள் கல்யாணப் படத்து முகம். பக்கத்து சீட்டில் ஒட்டியதும் அதுதான். தலையை அப்படிக் குனிந்துகொண்டு ஓட்டியிருந்தால் நீங்களும் அண்ணனைப் போல வரப்பில்தான் ஏற்றியிருப்பீர்கள்.

"ஒண்ணும் வைக்க வேணாம். நீங்க கை வைக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துதோ, அதக் காட்டுங்க."

கம்ப்யூட்டரில் முதலில் ஏற்றிவைத்திருந்ததைத் திறந்தார். உப்பு அரித்த விளிம்புகள், வெள்ளையான ஜன்னல், அதன் மேல் வளையல் போட்ட உங்கள் கை. வண்டிக்கு முன்னால் ரோடு நீண்டு போனது. அதன் கோடியில், உப்பு அம்பாரங்களுக்குப் பக்கத்தில், சின்னதாகக் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"அது கறைம்மா. தொடச்சிட்டேன்" என்றார்.

"பெருசாக்குங்க."

குடை பிடித்துக்கொண்டு போகிற ஓர் ஆள். அண்ணன்! வெகு தூரத்தில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அந்தப் படத்தை அப்படியே, அதே அளவுக்குப் போட்டு வாங்கிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேஜைமேல் விரித்து அந்த இடத்தில் விரலை வைத்தேன். "இதோ நீ. உன்னையும்தான் அழிச்சிட்டாங்க." கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கொடை கூட தெரியுது" என்றார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். என் வயதுக்கு ஏறக் கூடாதுதான். அந்தப் பெரிய படத்தைக் கழற்றினேன். அண்ணன் தடுக்கவில்லை. ஸ்டூல் ஆடியது, வந்து பிடித்துக்கொண்டார். அதே ஃபிரேமில் இதைப் போட்டு மாட்டினேன்.

"யாராவது கேட்டா என்னம்மா சொல்றது?"

"அவ ஓட்டுனா, நான் எறங்கி நடந்தேன்னு சொல்லு."

சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. முகமில்லாத நீங்கள் இப்போது அந்த ஹாலில், உங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் ஸ்டூலைப் பிடித்ததற்காக நான் இரங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பஸ்ஸில் திரும்பும்போது உப்பளம் வந்ததும், இங்கேதானே நிறுத்தச் சொல்வார் என்று மறுபடியும் கொதித்தது. நீங்கள் படாமல் விட்ட கோபம் எல்லாம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அண்ணி. பத்திரமாக இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.