உன் பேருக்கு வரும் மெயில்கள்

மச்சான்,

உன் லேப்டாப்பைத் தொட்ட கையில் இன்னும் பூஞ்சண வாடை போகவில்லை. நம் தீவின் அபர்டீன் பஜாரில், கடை மாடியில் உன் உம்மா அதைச் சார்ஜிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். மெயில் வந்தால் 'டிங்' என்கிறது. "அவனுக்கு யாரோ எழுதிக்கிட்டே இருக்காங்க வாப்பா. ஒரு பதிலாச்சும் போடேன்" என்று போன வாரம் என்னைக் கூப்பிட்டார்கள்.

திறந்து பார்த்தேன். எல்லாம் நம் லினக்ஸ் மென்பொருள் திட்டத்தின் மெஷின் தானாக அனுப்பியவை. தமிழ் எழுத்தைத் திரையில் அடுக்கும் உன் பேக்கேஜ், அதை நம்பி ஓடும் என் அகராதி. அடுத்த வெளியீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் இரண்டும் சேர்ந்துதான் போக முடியும். ஒன்றில் பழுதென்றால் மற்றதும் நிற்கும். சாத்தம் ஜெட்டியில் படகுக்கு நிற்கையில் நீதான் சொல்வாய்: "மெயின்லேண்ட் கப்பல் மாதிரிதான்டா. வீட்டுல ஒருத்தருக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆகலேன்னா மத்தவங்க ஏறுவாங்களா?"

அப்படிச் சொன்னவன் ஆபரேஷனுக்குச் சென்னைக்குத் தனியாகப் போனாய். நானும் வருகிறேன் என்றேன். "அரே சோட் யார், விடுடா, ரெண்டே வாரம்" என்றாய். சவப்பெட்டியில் வந்து இறங்கினாய். பாவி, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் பேக்கேஜில் ஒரு பழுது. பொறுப்பாளரிடமிருந்து, அதாவது உன்னிடமிருந்து, பதிலில்லை, இரண்டையும் நீக்கப்போகிறோம் என்கிறது மெஷின். பழுதைச் சரிசெய்துவிட்டேன். இனி பொறுப்பாளர் பெயரை மாற்ற வேண்டும். மாற்றினால் மெயிலெல்லாம் எனக்கு வரும், உம்மாவின் மாடியில் அந்தச் சத்தம் நின்றுபோகும். எனக்குக் கை ஓடவில்லை. உம்மாவிடமே சொன்னேன்.

"எழுதுறது மனுசன் இல்லியா?"

"மெஷின் உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ். பதில் வரலேன்னு யாரோ மனசு நோகுறாங்கன்னுல்ல இருந்தேன். எம்புள்ள யாரையும் காக்க வைக்கிறவன் இல்லியே. நீ உன் பேரைப் போட்டுக்க வாப்பா."

போட்டேன். இன்று காலை இரண்டும் சேர்ந்தே உள்ளே போய்விட்டன. அந்தச் செய்தி எனக்கு மட்டும் வந்தது. ஜங்லிகாட்டில் டீக்கடை வாசலில் நின்று அதைப் படித்து அழுதேன்.

மதியம் உம்மா போன் செய்தார்கள். "சத்தமே இல்லாம மாடி என்னமோ மாதிரி இருக்கு வாப்பா."

அதனால்தான் இந்த மடல். உன் பழைய முகவரிக்கே அனுப்புகிறேன். மாடியில் டிங் என்று கேட்கும், இந்தத் தடவை எழுதியது மனுசன்தான் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் பேக்கேஜை நான் பார்த்துக்கொள்கிறேன். அனுப்பிவிட்டு, பதில் வருமென்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன், பைத்தியக்காரன்.