சந்தனத்துக்குள்ள பட்டாளம்

ஏப்ரல் 12, மடுல்சீமை

பூட்டன் சின்னமுத்து எந்தப் படையில இருந்தாருன்னு கொழும்பு வரைக்கும் போய்த் தேடியும் கிடைக்கல. அவரு பட்டாளத்துக்கே போகலன்னு தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க.

இன்னைக்கு வருஷப் பொறப்புக்கு விளக்கு தேய்ச்சேன். யாரும் தொடப் பயப்படுற, எங்க வீட்டுல அம்மன்னு கும்பிடுற பித்தளைத் தகட்டையும் எடுத்துப் புளி போட்டேன்.

"சாமியவா தேய்க்கிற?"ன்னு சித்தப்பா கத்தினாரு.

காலங்காலமா அப்பின சந்தனம் கரைஞ்சதும் ஒரு பீரங்கி தெரிஞ்சுது. கீழ இங்கிலீஷ்ல சிலோன் பீரங்கிப் படைன்னு இருந்துச்சு. பட்டாளத்துக்காரங்க தொப்பியில குத்துற சின்னம்! பின்னாடி ஆணியால கீறின 'சின்னமுத்து'.

ஜெயிச்சுட்டேன்! லயமே வந்து பார்த்துச்சு.

சாயங்காலம் சித்தப்பா மறுபடியும் சந்தனம் வச்சாரு. ஓரத்துல மட்டும். பீரங்கிய மறைக்கல.