லிஃப்டுக்கு வந்த அதிகாரி

மார்ஷ் ஃபோர்க், கென்டக்கி
ஏப்ரல் 14, செவ்வாய்

அன்பு மகள் மெரிடித்துக்கு,

நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் உன் காதும் மூக்கும் அதனதன் இடத்தில் இருக்கும் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா எப்படி வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். என் லிஃப்ட் உரிமத்தை முப்பது நாள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்தது யார் என்றால் நான்தான். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று உன் அம்மா ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அதனால் நீ கேட்க வேண்டாம், முழுதாகப் படி.

செப்டம்பரில் உன் தங்கை மார்லாவின் பள்ளி லிஃப்ட் நின்றதும், நீ கப்பல் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாணவர் உரிமைப் புகார்களைப் பார்க்கும் மத்திய அரசு அலுவலகத்துக்கு அந்தப் பதினோரு பக்கப் படிவத்தை நிரப்பி அனுப்பியதும் உனக்கு நினைவிருக்கும். அப்பா, முறைப்படி போவோம், நீங்க கையை வச்சுக் கெடுத்துடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாய். முறைப்படியே போனேன். அறிவியல் கூடம் மாடியில், உன் தங்கையின் சக்கர நாற்காலி கீழே. மற்ற பிள்ளைகள் மேலே தவளையை அறுத்துக்கொண்டிருந்தபோது இவள் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து தவளைப் படத்துக்கு வண்ணம் அடித்தாள், பதின்மூன்று வயதுப் பெண். கல்லீரலுக்கு ஊதா அடித்து, யாரும் திருத்தலப்பா, யாரும் பாக்கவே இல்ல என்றாள். முதல்வர் ஷெல்டன் அம்மாவிடம் போனால், பழுது பார்க்கும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புது ஒப்பந்தம் பள்ளிக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது என்பார். நான் இருபது வருடமாக லிஃப்ட் பார்க்கிறவன், சும்மாவே செய்து தருகிறேன் என்றேன். உங்க ஆர்வத்துக்கு ரொம்ப நன்றி மிஸ்டர் ஹாஸ்கல் என்றார். அந்த அம்மா நன்றி சொன்னால் கதவைச் சாத்திவிட்டார் என்று பொருள்.

உன் படிவத்துக்கு முதலில் ஒரு பதில் வந்தது, கணினி அனுப்பியது, உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம் என்று, ஒரு எண்ணோடு. டிசம்பரில் இன்னொன்று, நம் பக்கத்துக் கிளையை மூடிவிட்டோம், கோப்பு வேறு ஊருக்குப் போகிறது, புது எண் இது என்று. பிப்ரவரியில் அந்த ஊர்க் கிளையையும் மூடினார்கள், அதற்கும் ஒரு எண். மார்லா மூன்று எண்களையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஃபோன் செய்தால் பாட்டு ஓடும், கடைசியில் ஒருவர் கிடைத்தார். ஆள் குறைப்புக்குப் பிறகு மேசைக்கு முந்நூறு கோப்பு சார், அதுலயும் எந்த மாதிரிப் புகாரை முதல்ல எடுக்கணும்னு மேலேருந்து புதுசா வரிசை வந்திருக்கு, உங்களுது அந்த வரிசையில இல்ல என்றார். பாவம், அவருக்கும் அதுதான் கடைசி வாரமாம், குரலிலேயே தெரிந்தது. கல்வியை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுக்கிறோம் என்று தலைநகரில் சொல்கிறார்களே என்று மாநிலத்தைக் கேட்டேன், உரிமைச் சட்டம் மத்திய அரசுடையது, அங்கே கேளுங்கள் என்றார்கள். எப்படி ஆகிவிட்டது பார், சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, எடுத்துப் படிக்க வேண்டிய ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன் டெல்மர் மாமாவுக்கு இதிலெல்லாம் மகா சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை வந்து சோளரொட்டியைப் பீன்ஸில் முக்கிக்கொண்டே, வாஷிங்டன்காரன் நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துல மூக்கை நுழைக்காம இருந்தாலே போதும்டா கார்வின் என்றான். உன் தங்கை தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், அவங்க மூக்கு வேணாம் மாமா, நான் உள்ள நுழைஞ்சாப் போதும் என்றாள். அவன் அதற்குப் பிறகு ரொட்டியை மட்டும் பார்த்துச் சாப்பிட்டான். இரண்டாவது தடவை கேட்டு வாங்கியும் சாப்பிட்டான், அது வேறு விஷயம்.

இனி நான் செய்தது. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பேண்டு வாத்தியக் குழுவுக்குச் சீருடை வாங்கப் பணம் திரட்டுவதற்காகப் பள்ளியில் பேன்கேக் விருந்து. ஊரே தட்டை ஏந்திக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றது. லிஃப்ட்காரன் பையில் எப்போதும் கதவுச் சாவி கிடக்கும், உனக்கே தெரியும். மூன்று பேன்கேக் சாப்பிட்டேன், கை கழுவினேன், போனேன். கதவுப் பூட்டில் ஒரு மின் தொடுமுனை தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். கதவு மூடியிருந்தாலும் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு லிஃப்ட் நகர மறுத்திருக்கிறது. மத்திய அலுவலகமும் அதே மாதிரிதான், மூடிவிட்டுத் திறந்திருக்கிறோம் என்கிறது. நாற்பது நிமிட வேலை, சட்டையில் பேன்கேக் பாகு வாசனையோடு முடித்தேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் லிஃப்டைத் தொடக் கூடாது, அது எனக்குத் தெரியும், நான் பழக்குகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவதும் அதுதான்.

திங்கட்கிழமை மார்லா மேலே போனாள். ஒரே ஒரு வகுப்பு. மதியத்துக்குள் ஷெல்டன் அம்மாவுக்குத் தெரிந்து, அனுமதியில்லாத பழுது நீக்கம், காப்பீடு ஒத்துக்கொள்ளாது என்று லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். கீழே இறங்க லிஃப்ட் இல்லாமல் உன் தங்கையை உடற்பயிற்சி ஆசிரியரும் காவலாளியும் நாற்காலியோடு தூக்கி வந்திருக்கிறார்கள். பள்ளி முழுக்கப் பார்த்ததாம். வீட்டுக்கு வந்தவள் என்னிடம் பேசவில்லை. நீ சொன்னது நடந்துவிட்டது, நான் கையை வைத்துக் கெடுத்துவிட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அம்மா மூலம் உனக்கு வருவதைவிட என்னிடமிருந்தே வரட்டும். அந்த வாரமே ஷெல்டன் அம்மா மத்திய அலுவலகத்துக்கு, லிஃப்ட் இப்போது நன்றாக இயங்குகிறது என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறார். சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறு மாதமாக எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டிருந்த அலுவலகம் இரண்டே நாளில் பதில் அனுப்பியது. அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, குறை தீர்ந்ததால் புகார் முடிக்கப்பட்டது என்று. கோப்பை மூடுவதற்கு மட்டும் அவர்களிடம் ஆள் இருக்கிறது.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. நின்றுபோன லிஃப்டைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார், நிற்கிற லிஃப்டால் யாருக்கும் ஆபத்தில்லையே. அனுமதியில்லாமல் ஒருவன் கை வைத்த லிஃப்ட் என்றால் மாநிலச் சோதனை அலுவலகம் பத்து நாளுக்குள் வந்தே ஆக வேண்டும், அது எங்கள் தொழில் விதி. படிவம் ஒரே பக்கம். குற்றம் செய்தவர் பெயர், கார்வின் ஹாஸ்கல். புகார் தருபவர் பெயர், கார்வின் ஹாஸ்கல். உன் அம்மா வாங்கிப் படித்துவிட்டு, உன் கையெழுத்தை அழகாப் போடு, குற்றவாளி மாதிரி கிறுக்காத என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் கூடுதல் நேரம் வேலை பார்க்கச் சம்மதித்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாம் நாள் சோதனை அதிகாரி லோமேக்ஸ் வந்துவிட்டார். நான் வேலை பழகிய காலத்திலிருந்து தெரிந்த மனுஷன், என் அப்பா வயது. டேய் கார்வின், முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன், தன் மேலயே மனு போட்ட முட்டாளை இன்னிக்குத்தான் பாக்கறேன் என்றார். வார்த்தைக்கு வார்த்தை திட்டிக்கொண்டே பூட்டு, கதவு, எண்ணெய் அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்து, கேடு கெட்டவனே, வேலை சுத்தமாத்தான் இருக்கு என்று சொல்லி ஓராண்டுச் சான்றிதழை லிஃப்டுக்குள் மாட்டினார். ஷெல்டன் அம்மா, எங்க குழு இன்னும் பரிசீலிக்கல என்று ஆரம்பித்தார். லோமேக்ஸ் நான் கொடுத்திருந்த மத்திய அலுவலகக் கடிதத்தை நீட்டி, நல்லா ஓடுதுன்னு நீங்களே அரசாங்கத்துக்கு எழுதியிருக்கீங்களே மேடம், அது பொய்யா, இல்ல இந்தச் சங்கிலி பொய்யா என்று கேட்டார். சாவி வந்தது. இந்த முறை நன்றி சொல்லவில்லை.

மார்லா அங்கேதான் இருந்தாள். எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு லோமேக்ஸிடம், லிஃப்டுக்கு ஏதாவது தப்பு நடந்தா மூணு நாள்ல நீங்க வர்றீங்க சார், எனக்கு நடந்தா யார் வருவாங்க என்று கேட்டாள். அவர் தன் எழுது அட்டையில் இருந்த படிவத்தைப் பார்த்தார், ஏதோ அதில் இருக்கும் என்பது போல. எங்க படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா என்று மட்டும் சொன்னார். போகும்போது என் கையில் முப்பது நாள் உத்தரவையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் இப்போது தினமும் மேலே போகிறாள். தவளைப் பாடம் முடிந்துவிட்டது, திரும்ப எடுக்க மாட்டார்களாம். மின்சுற்று நடக்கிறது, நேற்று வகுப்பிலேயே முதலில் விளக்கு எரியவைத்தது இவள்தான். என்னிடமும் பேசுகிறாள், பெரும்பாலும் குறை சொல்ல.

இப்போது உனக்கு ஒரு வேலை. அடுத்த ஆண்டு அவளுக்கு உயர்நிலைப் பள்ளி, மூன்று மாடி, அங்கிருக்கும் லிஃப்டைப் போன கோடையில் நான்தான் பார்த்தேன், வரும் குளிர்காலம் தாண்டாது. என் வித்தை ஒரு தடவைதான் பலிக்கும், மறுபடி பிடிபட்டால் உரிமம் திரும்ப வராது. முடித்த புகாரை மறுபடி திறக்கச் சொல்லி மேல்முறையீடு செய்ய மே மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. நான் எழுதினால் இரண்டாம் வரியில் கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது, நீ எழுது. மூடிய அலுவலகத்துக்கு எதற்கு என்று கேட்காதே. என்றைக்காவது யாராவது அந்தக் கதவைத் திறந்தால் முதலில் நம் காகிதம் காலில் இடறட்டும். நான்காவது எண்ணுக்கு மார்லா ஃப்ரிட்ஜில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

கப்பலில் கம்பிவடத்தை நீயே பார்க்காமல் கொக்கியில் கை வைக்காதே, யார் அவசரப்படுத்தினாலும் சரி. கடல்நாய்ப் படம் அனுப்புவதாகத் தங்கைக்குச் சொன்னாயாம், அனுப்பு. நல்லபடியாக இரு, போன மாதிரியே முழுசாகத் திரும்பி வா, அம்மாவின் முத்தமும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

உன் அப்பா,
கார்வின் ஹாஸ்கல்
லிஃப்ட் தொழில்நுட்பர் (மே 7 வரை இல்லை)